பெரட்டுக் கும்மியின் புகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் ஐப்பசி நாலாம் தேதி, நங்காத் தோட்டத்து நெட்டைத் துரையின் கார் ஈப்போவிலிருந்து திரும்பி வரும்போது வழி நெடுக ஒரு கும்மிப் பாட்டை எழுதிக்கொண்டே வந்தது. பதினோரு மைல். முதல் நாள் மழையில் செம்மண் சாலை நல்ல பதமாக இருந்தது. சீமையிலிருந்து வந்த புது டயர் நாலையும் அன்றுதான் மாட்டியிருந்தார்கள். முன் சக்கரம் எழுதிய வரியைப் பின் சக்கரம் அழிக்கவில்லை, அதற்குக் கீழே அடுத்த வரியை எழுதியது. வளைவுகளில் மட்டும் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. துரைக்குத் தமிழில் வா, போ, சோம்பேறி என்ற மூன்று சொல்லுக்கு மேல் தெரியாது, ஆகையால் அவர் பாட்டுக்குச் சுருட்டுப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். பின்னால் சைக்கிளில் வந்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்தான் முதலில் வாசித்தவர். வாசித்ததும் இறங்கிவிட்டார். எழுத்தைக் காலால் மிதிக்கக் கூடாது என்று வளர்ந்த மனிதர். மிச்ச ஏழு மைலும் சைக்கிளைப் புல் ஓரமாகவே தள்ளிக்கொண்டு வந்தார்.

மரத்துப்பால் மங்கில் வடியுமுன்னே – என்
மாருப்பால் மண்ணில் வடியுதடி
மங்கு நெறஞ்சாச்சு வாங்கடின்னா – என்
மகன்வயிறு நெறய நேரமில்லே

மங்கு என்பது பால்மரத்தில் கட்டுகிற கோப்பை. மற்றதெல்லாம் விளங்கும். சாலையில் பாட்டு எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. மழைக்காலத்தில் என்னென்னவோ முளைக்கும். அந்தப் பாட்டு எழுதியிருந்ததுதான் எல்லோரையும் வாயடைக்க வைத்தது. ஏனென்றால் அது பூமியில் இருக்கவே கூடாத பாட்டு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் அதைத் தடை செய்து, அதே தோட்டத்தில் எரித்து, எரித்ததற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தது.

பாட்டுக்காரியின் பெயர் வீரம்மா. நங்காத் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவள், வயது இருபத்தைந்து, தாயின் இடுப்பில் உட்கார்ந்து கப்பலேறி வந்தவள். அட்சரம் தெரியாது. வாய் தெரியும், அவள் வாயில் விழுந்த கங்காணிகள் இரண்டு பேர் வேறு தோட்டம் பார்த்துப் போயிருக்கிறார்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டுத் தன் மர நிரைக்குப் போவாள். மரத்தைச் சீவிக்கொண்டே பாட்டுக் கட்டுவாள். மூன்று மரத்துக்கு ஒரு வரி என்று கணக்கு. பட்டை நோய் கண்ட மரம் வந்தால் வரியும் நொண்டும், அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள். கைப்பிள்ளை, பத்துமலை என்று பேர், தோட்டத்துப் பிள்ளைகளைப் போட்டுவைக்கும் ஆயாக்கொட்டகையில் கிடக்கும். நடுவில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர அனுமதி இல்லை. பால் கட்டி, ரவிக்கை நனைந்து, மாராப்பைப் பிழிந்துகொண்டு அவள் கட்டியதுதான் பெரட்டுக் கும்மி. அதில் அழுகை கிடையாது. கோபமும் கிண்டலும்தான், பதினாறு பக்கத்துக்கு.

புருஷன் அப்பாவு புகைக்கூடத்தில் நெருப்புப் பார்க்கிறவன். ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காய வைக்கும் கட்டடம் அது. அடுப்பு ராவும் பகலும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்பதால் அப்பாவு பாதி நாள் அங்கேயே தூங்குவான். பெண்டாட்டி வரும்போது அவன் இருக்க மாட்டான், அவன் வரும்போது அவள் போயிருப்பாள். இந்த லட்சணத்தில் எப்படிப் பிள்ளை பிறந்தது என்று கேலி செய்கிறவர்களுக்கு அவன் சிரிப்பையே பதிலாகக் கொடுப்பான். பெண்டாட்டி பாட்டுக் கட்டுகிறாள் என்று ஊரே சொல்லும், அவன் மட்டும் முழுசாகக் கேட்டதில்லை.

இருபத்தைந்தாம் வருஷத் தைப்பூசத்துக்கு ஈப்போ போன நங்காத் தோட்டத்துப் பெண்கள் கோவில் வாசலில் கும்மி அடித்தார்கள். அங்கே நின்ற அச்சுக்கூடத்து நவமணி, கையில் இருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டின் பின்பக்கத்தில் பாட்டு முழுவதையும் எழுதிக்கொண்டார். கிறிஸ்தவர், கோவிலுக்குள் வரமாட்டார், வாசல் பாட்டுக்குத் தடையில்லை என்பார். ‘ஒரு பெண்பிள்ளை கட்டியது’ என்று மட்டும் அட்டையில் போட்டு ஐந்நூறு பிரதி அச்சடித்தார். வீரம்மாவுக்கு இருபது பிரதி வந்தது. அவள் அதை வாசிக்கத் தெரியாத இருபது பேருக்குக் கொடுத்தாள், அவர்கள் மஞ்சள் தடவி அரிசி டின்னில் வைத்துக்கொண்டார்கள்.

ஈப்போவில் தமிழ் வாசக சபை என்று ஒன்று இருந்தது. நாற்பது அங்கத்தினர், ஒரு நாற்காலி. புத்தகம் வந்த வாரமே அங்கே சண்டை. கும்மி இலக்கியமா என்று இரண்டு கூட்டம் பேசினார்கள். சபையின் பண்டிதர் சபாபதி வாத்தியார், மார் என்கிற சொல் அச்சில் வரலாமா என்று மூன்றாவது கூட்டம் முழுவதும் பேசினார். நாலாவது கூட்டத்துக்குள் புத்தகத்தைத் தடை செய்துவிட்டார்கள்.

தடைக்குக் காரணம் பஞ்சலிங்கம். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். யாழ்ப்பாணத்துக்காரர், பத்து காஜா ஊரில் ஒரு மாடி வீட்டில் இருந்த அச்சுப் பரிசோதனை ஆபீஸில் மொழிபெயர்ப்பாளர். தமிழில் எது அச்சானாலும் இங்கிலீஷில் சொல்ல வேண்டியது அவர் உத்தியோகம். பத்து வருஷமாகத் தைல விளம்பரத்தையும் வைகுந்தப் பதவி அறிவிப்பையும் மொழிபெயர்த்து நொந்து போயிருந்த மனிதர் கையில் பெரட்டுக் கும்மி வந்தது. சாப்பாட்டை மறந்தார். மூன்று நாள் உட்கார்ந்து, தாளம் கெடாமல், கிண்டல் குறையாமல் மொழிபெயர்த்தார். மனைவி ஞானம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். அவள் அடுப்பை விட்டு வந்து கேட்டாள். மேலதிகாரி அதை வாசித்துவிட்டு, ஊரில் விட்டு வந்த தன் கைக்குழந்தையை நினைத்து அரை மணி நேரம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, தன்னையே இப்படிச் செய்கிற புத்தகம் தோட்டத்து ஆட்களை என்ன செய்யும் என்று பயந்து தடை உத்தரவில் கையெழுத்துப் போட்டார். சுமாராக மொழிபெயர்த்திருந்தால் புத்தகம் பிழைத்திருக்கும். பஞ்சலிங்கம் சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போலீஸார் வீடு வீடாகப் போய்ப் புத்தகத்தைத் திரும்ப வாங்கினார்கள். இந்த இடத்தில் நங்காத் தோட்டத்துப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். அரசாங்கம் கேட்கிறது, கொடுக்காவிட்டால் வம்பு. பாட்டைக் கொடுக்கவோ மனம் வரவில்லை. அதனால் கும்மியை அரிசிக்கு அடியில் தள்ளிவிட்டு, அதே அளவிலிருந்த போன வருஷப் பஞ்சாங்கத்தைக் கொடுத்தார்கள். வாங்க வந்த போலீஸ்காரர் பஞ்சாபி. “இதான் சார் அந்தப் பொஸ்தகம், எடுத்துட்டுப் போங்க லா” என்று அவர்களில் ஒருத்தியான கருப்பம்மாள் கும்பிட்டுக் கொடுத்தாள். அவரும் கும்பிட்டு வாங்கினார். இப்படி இருபது பஞ்சாங்கம் போயிற்று.

எல்லாவற்றையும் பாட்டு பிறந்த தோட்டத்திலேயே எரிக்க வேண்டும் என்று உத்தரவு. ஆனால் அது இலை உதிர்காலம். ரப்பர் மரங்கள் மொட்டையாகி, முழங்கால் ஆழத்துக்குச் சருகு. அந்த மாதத்தில் தோட்டத்துக்குள் பீடி பற்ற வைத்தவனுக்கே வேலை போகும் என்று நெட்டைத் துரை சட்டம் போட்டிருந்தார். தன் சட்டத்தைத் தானே மீற மாட்டார், அந்த மட்டில் நேர்மையானவர். ஆக, தோட்டத்தில் நெருப்பு வைக்க அனுமதி உள்ள ஒரே இடத்துக்குப் புத்தகங்கள் போயின: அப்பாவுவின் அடுப்புக்கு. மேலே நாலாயிரம் ஷீட் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரேயடியாகப் போட்டால் சூடு ஏறி ஷீட் கெடும், துரை தோலை உரிப்பார். பிரதி பிரதியாக, விறகுக்கு நடுவே, நாலு நாள் போட வேண்டும் என்று அப்பாவு சொன்னான். ஒவ்வொரு பிரதியும் எரிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது பஞ்சலிங்கத்துக்கு உத்தரவு. ஆக அவரும் வேட்டியை மடித்துக் கட்டி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்.

முதல் பிரதியைக் கையில் எடுத்த அப்பாவு போடவில்லை.

“அய்யா, ஒரு ஒதவி. எரிக்கிறதுக்கு முன்னால ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. எம் பொஞ்சாதி கட்டுனது. நா முழுசா கேட்டதில்ல.”

பஞ்சலிங்கம் அவனையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டியவள் யார் என்று அதுவரை அரசாங்கத்துக்குத் தெரியாது.

“உம்முடைய மனுசியோ?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் வாசிக்கிறன், நீர் போடும். ஆருக்கும் சொல்லப்படாது” என்றார்.

“யாருக்குச் சொல்லப் போறேன்? எனக்கும் அடுப்புக்கும் கேட்டாப் போதும்.”

வாசித்தார். அப்பாவு சிரித்தான், துரை வரும் இடத்தில் தொடையைத் தட்டினான், மகன் வயிறு வரும் இடத்தில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கேவிக் கேவி அழுதான். பிறகு இரண்டு கையாலும் புத்தகத்தை நெருப்பில் வைத்தான். அடுத்த பிரதியும் அதே புத்தகம்தான் என்றாலும் அதையும் வாசிக்கச் சொன்னான். நாலு நாளில் பஞ்சலிங்கம் எத்தனை தடவை வாசித்தார் என்பதற்குக் கணக்கில்லை. இரண்டாம் நாள் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார். மூன்றாம் நாள் அப்பாவு கூடப் பாடினான். இடையிடையே பஞ்சாங்கம் கைக்கு வந்தது. பஞ்சலிங்கம் அதையும் விடவில்லை. “மேற்கே சூலம். பிரயாணம் ஆகாது” என்று பாட்டு மாதிரியே ராகம் போட்டு வாசித்துவிட்டு, கும்மியோடு சேர்த்தே எண்ணிக்கொண்டார். நாலாம் நாள் மாலை அவருக்குத் தொண்டை போய்விட்டது. எல்லாம் எரிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் பொய் ஒன்றுமில்லை.

ஷீட்டில் எழுத்து விழுந்ததா என்று கேட்பார்கள். விழவில்லை. நன்றாகப் புகை ஏறித் தேன் நிறத்தில் வந்தது, முதல் தரம் என்று ஈப்போவின் சீன முதலாளி, தவுக்கே, எடுத்துக்கொண்டான், கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. ஷீட்டைக் கட்டு கட்டிய ஆட்கள் மட்டும் அந்த வாரம் முழுவதும் காரணம் தெரியாமல் ஒரே பாட்டை முணுமுணுத்தார்கள்.

அந்த ரப்பர்தான் டயராகித் திரும்பி வந்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பார்கள். நங்காத் தோட்டத்தில் புகையே போய் வேலையைப் பார்த்துவிட்டு வந்தது. வாசக சபைக்குத் தகவல் எட்டிய மறுநாளே பத்துப் பேர் நோட்டும் பென்சிலுமாக வந்து சாலை ஓரம் நின்றார்கள். பாட்டு முழுவதும் ஒரே நாளில் விழாது. ஒரு பயணத்துக்கு ஒரு கண்ணி. வெயில் காய்ந்த நாளில் எழுத்துப் பதியாது. அதற்காகத் தோட்டத்துப் பெண்கள் வேலை முடிந்ததும் பால் வாளியில் தண்ணீர் மொண்டு வந்து கார் வரும் நேரத்துக்குச் சாலையைத் தெளித்து வைத்தார்கள். வாசல் தெளிக்கிற கைக்கு அது ஒரு வேலையா? சாலையைச் சுத்தமாக வைக்கிறார்கள் என்று துரை சந்தோஷப்பட்டார். சில நாள் பாட்டுக்குப் பதிலாக ராகு காலமும் வாஸ்து நாளும் விழும். அதையும் குறித்துக்கொண்டார்கள், கருப்பம்மாள் தன் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்ததே துரை கார் போட்ட முகூர்த்தத்தில்தான். சாலையில் இருப்பதை எழுதிக்கொள்வது குற்றமா என்று நவமணி பஞ்சலிங்கத்திடம் கேட்டார். சட்டத்தில் காகிதம் உண்டு, துணி உண்டு, ஓலை உண்டு, சாலை இல்லை என்று அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

துரைக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று. தெரிந்ததும் டயரை ராவச் சொன்னார். எழுத்து இன்னும் ஆழமாக விழுந்தது. புல்லில் ஓட்டினார், புல் அந்த வடிவத்தில் படுத்தது. கடைசியில் டிரஸ்ஸரைக் கூப்பிட்டு, என்னதான் சொல்கிறது என்று கேட்டார். சொன்னார். துரை இரண்டு நாள் யோசித்தார். பாட்டின் காரணத்தை எடுத்துவிட்டால் பாட்டு நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. மார்கழி முதல் தேதியிலிருந்து காலை ஒன்பது மணிக்குக் கைப்பிள்ளைக்காரிகள் ஆயாக்கொட்டகைக்குப் போய் அரை மணி நேரம் பால் கொடுத்துவிட்டு வரலாம் என்று பெரட்டில் அறிவித்தார். டயர் நிற்கவில்லை. கொடுத்த அரை மணியைத் திரும்பப் பிடுங்கவும் அவருக்கு முடியவில்லை, நாற்பது பிள்ளைகள் அந்த நேரத்துக்கு வாயைத் திறந்து பழகிவிட்டன.

இதோடு நின்றிருந்தால் நல்லது. நிற்குமா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இவ்வளவு பெரிய பாட்டைக் கட்டியது யார் என்று பேராக் மாநிலம் முழுவதும் பேச்சு. சபாபதி வாத்தியாராகத்தான் இருக்கும் என்று யாரோ ஒருவர் சொல்லிவைத்தார். வாத்தியார் ஆம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தாடியைத் தடவினார். இருபத்தேழாம் வருஷம் ஆவணியில் சபை அவருக்கு மாலை போடக் கூட்டம் கூட்டியது. நங்காத் தோட்டத்திலிருந்து லாரியில் பெண்கள் போயிருந்தார்கள், வீரம்மாவும் இருந்தாள். மாலை கழுத்தில் விழுந்த நேரம் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, தடை செய்த பாட்டைக் கட்டியவர் யார் என்று கேட்டார். வாத்தியார் மாலையைக் கழற்றி மடியில் ஒளித்தார். “நான்... நான் இலக்கணம் மட்டும்...” என்று இழுத்தார். அந்த நேரத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், காரியம் மங்கிப் போயிருக்கும். வீரம்மா எழுந்தாள்.

“வாத்தியார விடுங்க சார், பாவம். அவருக்கு மரத்துல எந்தப் பக்கம் உளி வைக்கிறதுன்னே தெரியாது, அவரு எங்க கட்டப் போறாரு? நாந்தான் கட்டுனேன். எம் புள்ளைக்கு இன்னொருத்தரு பேர வைப்பீங்களா?”

வாத்தியாரைக் காப்பாற்றப் பேசினாளா, பெயருக்காகப் பேசினாளா என்று சபையில் பிறகு இரண்டு கூட்டம் நடந்தது. இரண்டுக்கும்தான் என்று அவளைத் தெரிந்த யாரும் சொல்வார்கள். இன்ஸ்பெக்டர் கூட்டிப் போய்விட்டார். சபாபதி வாத்தியார் அந்த மாலையை எடுத்துக்கொண்டு பத்து காஜா வரை நடந்தே போய், சிறை வாசலில் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதார். அன்றைக்கு அவரை எல்லோரும் மன்னித்துவிட்டார்கள்.

நாடு கடத்துவது என்று முடிவாயிற்று. நாகப்பட்டினத்துக் கப்பல் எட்டு நாளில். கைக்குழந்தையாக விட்டு வந்த ஊரில் அவளுக்கு ஒருவருமில்லை, ஊர்ப் பேரே சரியாகத் தெரியாது. புருஷனும் பிள்ளையும் இங்கே. பத்துமலைக்கு அப்போதுதான் மூன்று வயது முடிகிறது. அப்பாவு அடுப்பை அணைய விட்டுவிட்டான். புகைக்கூடம் கட்டிய நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பரிசோதனை ஆபீஸ் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தான். “நாந்தான் எரிச்சேன் அய்யா. எரிச்ச பாட்டுக்கு எதுக்கு இன்னொரு தண்டன?” என்றான். உத்தரவை இரண்டு மொழியிலும் எழுதி, முத்திரை குத்தி, அதிகாரி முன்னால் வைக்க வேண்டியவர் பஞ்சலிங்கம்தான்.

அந்த வருஷம் சித்திரையில் ஆபீஸுக்கு ரப்பர் முத்திரை வந்திருந்தது, ஊரில் எந்த அரசாங்கக் காகிதத்துக்கும் முத்திரை அங்கேதான். சீமைச் சரக்கு. குத்தினால் கிரீடத்தைச் சுற்றி வட்டமாக மூன்று விரல் கடை அகலத்துக்குப் பெரட்டுக் கும்மி விழும். புதிதாக வந்த வெள்ளைக்கார அதிகாரி அதை ஏதோ பூவேலை என்று நினைத்திருந்தார். பஞ்சலிங்கம் நாலு மாதமாக வாயைத் திறக்கவில்லை. பழைய பித்தளை முத்திரை அலமாரியில் இருந்தது; அதில் ஒன்றும் விழாது, சுத்தமாகக் கிரீடம் மட்டும். நாடு கடத்தும் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அலமாரியை ஒரு தடவை பார்த்தார். படியில் பிள்ளை இருமுவது கேட்டது. ரப்பர் முத்திரையை எடுத்தார்.

குத்தினார். பாட்டு விழவில்லை. ‘மேற்கே சூலம். பிரயாணம் ஆகாது’ என்று விழுந்தது.

அதிகாரிக்கு இந்தத் தடவை பூவேலை வேறு மாதிரி இருப்பது தெரிந்துவிட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பஞ்சலிங்கம் மொழிபெயர்த்தார். பன்னிரண்டு வருஷ உத்தியோகத்தில் அதைவிடச் சரியாக அவர் எதையும் மொழிபெயர்த்ததில்லை: மேற்குத் திசையில் பயணம் செல்லக் கூடாது. கப்பல் போவது மேற்கே. அதிகாரி நாளைக்குக் குத்தச் சொன்னார். மறுநாளும் அதேதான். எட்டு நாளும் குத்தினார்கள். மற்றக் காகிதங்களில் கும்மி, அவள் காகிதத்தில் சூலம். வேறு முத்திரை இல்லையா என்று கேட்டார் அதிகாரி. ரப்பர் முத்திரை எல்லாம் இதே ரப்பர்தான் என்றார் பஞ்சலிங்கம். கேட்டது ரப்பர் முத்திரையைப் பற்றித்தானே என்று பிறகு ஞானம்மாவிடம் விளக்கம் சொன்னார். அவள் அன்றைக்கு அவருக்கு இரண்டு முட்டை பொரித்துப் போட்டாள். அதிகாரி ஒழுங்கு பார்க்கிற மனிதர். போ என்று எழுதி, போகாதே என்று அரசாங்க முத்திரை போட்ட காகிதத்தை நிறைவேற்ற அவருக்கு வழி தெரியவில்லை. தைப்பிங்கில் பெரிய ஆபீஸுக்கு எழுதிக் கேட்டார். அங்கே நல்ல மழை. கடிதம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. முத்திரை அனுமதிக்கும்போது அனுப்பவும் என்று ஒரு வரி பதில் வந்தது. கப்பல் போயிற்று. வீரம்மா விடுதலையாகி, மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு சிறைப் படியிறங்கி வந்தாள். பத்துமலை முதலில் மாலையைத்தான் பிடுங்கினான்.

அதற்குப் பிறகு யாரும் முத்திரையை மாற்றச் சொல்லவில்லை. நாய் லைசென்ஸிலும் மாட்டுக் கொட்டகை அனுமதியிலும் கல்யாணப் பதிவிலும் கும்மி விழுந்தது. ஒரு தடவை மை காய்ந்து பாட்டு மங்கலாக விழுந்தபோது ஒரு மலாய்க்காரர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, எழுத்து இல்லையே, இது செல்லுமா என்று கேட்டார்.

இருபத்தொன்பதாம் வருஷம் வைகாசியில் வீரம்மா, பிறந்த பெண் பிள்ளைக்குப் பேர் பதிய வந்தாள். பஞ்சலிங்கம் குத்திக் கொடுத்தார். என்ன விழுந்திருக்கு, வாசிங்க என்றாள். வாசித்தார். கடைசி வரியில் அவள் முகம் சுருங்கியது.

“இது இப்பப் பொய்யில்ல அய்யா? அதான் ஒம்பது மணிக்கு விடுறாங்களே. நா கட்டுன காலத்துல நேரமில்ல. இப்ப இருக்கு. மாத்தச் சொல்லுங்க.”

“பிள்ளை, இது அரசாங்க முத்திரை. நான் என்னெண்டு மாத்திறது?”

“நீங்க மாத்த வேணாம். அதுகிட்டச் சொல்லி வைங்க, போதும்.” குனிந்து முத்திரைக்குப் புது வரியைத் தானே ஒரு தடவை பாடிக் காட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வெளியே அப்பாவு நின்றான். ஒன்பது மணி ஆகப்போகிறது என்று இருவரும் வேகமாக நடந்தார்கள்.

மறுநாள் காலை முதல் காகிதம் ஒரு சீனக் கிழவரின் வாத்துப் பண்ணை அனுமதி. பஞ்சலிங்கம் குத்தி, மை ஒற்றி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கடைசி வரி மாறியிருந்தது: என் மகள்வயிறும் நெறய நேரமிருக்கு. சரி என்று சொல்லிக் கிழவரிடம் கொடுத்தார்.